ஃபுல் லோடும் ஒரு சட்டி உப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் எஸ்டேட் என்ஜின் வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. லோரி நிறைய ரப்பர் விறகு. கயிறு போட்டு இறுக்கியும் கட்டைகள் பிதுங்கிக்கொண்டு நின்றன. அதற்கு மேலே, சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி, ஆட்களை வேலை வாங்குகிற எங்கள் மண்டோர் கருப்பண்ணன்.

துரை வெளியே வந்தார். விறகைப் பார்த்தார். மண்டோரைப் பார்த்தார். மறுபடியும் விறகைப் பார்த்தார்.

"இது என்னா, மண்டோர்?"

"ஃபுல் லோடு தொரை! நேத்து நீங்கதான கேட்டீங்க?"

கேட்டது உண்மைதான். சனிக்கிழமை பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற நேரத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் துரை தம் தமிழில் சொன்னார்: "நாளைக்கி காலம்பற என்ஜின் வூட்டுல நமக்கு ஃபுல் லோடு வேணும். தெரியும்தானே?" மண்டோரும், "தெரியும் தொரை" என்று தலையை ஆட்டினார். உடனே நாலு ஆட்களைப் பிடித்து, பொழுது சாய்வதற்குள் விறகை ஏற்றி வைத்துவிட்டார்.

துரை கேட்டது, புது என்ஜின் இழுத்துக் காட்ட வேண்டிய மின்சார லோடு. மண்டோர் கொண்டுவந்தது லோரி லோடு. யாரைக் குற்றம் சொல்வது, சொல்லுங்கள்? லோடு என்ற சொல்லை நாமெல்லாம் லோரியிடம்தானே கற்றுக்கொண்டோம்?

கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மண்டோரின் மனைவி தாயம்மாதான் எல்லாருக்கும் மேலாகச் சிரித்தாள். பாலுக்காக உளியால் ரப்பர் மரம் வெட்டுகிற வேலை அவளுக்கு. நாக்கும் அந்த உளி மாதிரிதான்.

"நல்ல வேள, தொரை கரண்டு வேணும்னு கேக்கல. கேட்டிருந்தா இந்த மனுசன் அடுப்படியிலேருந்து கரண்டியத் தூக்கிட்டு வந்திருப்பாரு!"

மண்டோர் லோரியை விட்டு இறங்கி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். அவர் அங்கேயே நிற்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து அவரிடம் வருவோம்.

ராசா, கலும்பாங் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் எஸ்டேட்டில் நான் கடை வைத்திருக்கிறேன் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். என்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பதுதான். ஆனாலும் இந்த வாரம் வேறு எதையும் எழுத மனம் ஒப்பவில்லை. நடந்தது அப்படி!

காட்டில் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்த பிறகு, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி. வேலியைச் சுற்றி விளக்கு. இதுவரை அந்த விளக்குகளுக்கு மின்சாரம் கொடுத்தது ஒரு பழைய சின்ன என்ஜின் — இருமி இருமியே பாதிநாள் படுத்துவிடும். இப்போது கோலாலம்பூர் கம்பெனி ஒன்றிடமிருந்து புது என்ஜின் வந்திருக்கிறது. துரை முன்பே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "வேலிக்குப் போக மீதி கரண்டு இருந்தா, லயத்துக்கு. வூட்டுக்கு ஒரு பல்பு."

வீட்டுக்கு ஒரு பல்பு!

இதைப் படிக்கும்போது உங்கள் தலைக்கு மேல் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இது உங்களுக்குப் பெரிய செய்தியாகத் தோன்றாது. எங்கள் லயத்துப் பெண்கள் பெரட்டுக்குப் போகும் முன்னே, விடியாத கருக்கலில், அடுப்பு வெளிச்சத்தில் சமைக்கிறவர்கள். மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைக்கிறது. போன மாதம் விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோய், தாயம்மா இருட்டில் கஞ்சிப் பானையை இறக்கினாள். பானை சரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. கட்டுப் பிரித்துச் சில நாள்தான் ஆகிறது. தோல் இன்னும் ரோஜா நிறத்தில் பளபளக்கிறது.

இப்போது புரிகிறதா, ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளில், அத்தனை சனமும் ஏன் என்ஜின் வீட்டு வாசலில் நின்றது என்று?

என்ஜினைப் பூட்டிக் கொடுக்க வந்தவர் ஒரு சீன என்ஜினியர். இளவயது. சட்டை கசங்காத ஆள். என்ஜினைக் கிளப்பினார். அது கர்ர்... என்று தொடங்கி, தடதடவென்று சீராக ஓடியது. வேலி விளக்குகளைப் போட்டார். பட்டப்பகலில் வேலி முழுக்க விளக்கு! ஆட்டம் இல்லை, மினுக்கல் இல்லை.

என்ஜினியர் ஒரு தாளை எடுத்துத் துரையிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். முந்தின நாள் ஃபுல் லோடு கேட்ட துரையும், அந்த வெளிச்சத்தில் அதை மறந்து பேனாவைத் திறந்தார்.

பக்கத்தில் நின்ற, ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியைத் தாயம்மா முழங்கையால் இடித்தாள். "கிராணியாரே, என்னா சொல்றாரு அந்தத் தம்பி?"

"வெளக்கெல்லாம் நல்லா எரியுதாம். கையெழுத்துப் போட்டாப் போதுமாம். அதோட டெஸ்ட் முடிஞ்சிச்சாம்."

"வேலி வெளக்குக்கு இந்த என்ஜின்ல எவ்ளோ கரண்டு போவும்?"

"பாதி."

"அப்ப எங்க பாதி?"

"என்னம்மா எங்க பாதி?"

"வேலிக்கு எரிஞ்சா வேலி பாஸு. எங்க லயத்துக்குப் போற பாதிய யாரு பாத்தா? நாளைக்கி எங்களுக்கு இழுக்கும்போது படுத்துக்கிச்சுன்னா, இந்தத் தம்பியக் கோலாலம்பூர்ல போய்த் தேடுறதா?"

மெதுவாகப் பேசுகிற பழக்கம் தாயம்மாவுக்குக் கிடையாது. துரைக்கோ தமிழ் நன்றாகப் புரியும். அவர் பேனாவை மூடினார். கிராணியைக் கூப்பிட்டார். அக்ரிமென்ட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

வாசகர்களே, அக்ரிமென்ட் என்றால் எனக்கு எப்போதும் ஒரு பயம். அதில் இருப்பதெல்லாம் அபராதமும் வட்டியும்தான் என்று நினைத்திருந்தேன். கிராணி படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதில் எழுதியிருந்ததைப் பாருங்கள். இந்த என்ஜின் இவ்வளவு மின்சாரம் கொடுக்கும் என்று விற்கிறவர் வாக்குக் கொடுக்கிறார். அந்த முழு அளவையும், அதுதான் ஃபுல் லோடு, ஆறு மணி நேரம் விடாமல் தாங்கிக் காட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு மணி நேரம், பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் என்ஜினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டாலோ, பிறகு முணுமுணுக்கக் கூடாது!

நான் சைக்கிள் வாங்கிய கதை ஞாபகம் வந்தது. கடை வாசலில், சமதரையில், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பூ மாதிரி போனது. வீட்டுக்கு வந்து, பின்னால் அரிசி மூட்டையும் மூட்டைக்குப் பின்னால் மச்சானும் ஏறி, மேடும் வந்தபோதுதான் செயின் கழன்றது. "மூட்டையை ஏற்றி ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று கடைக்காரரிடம் கேட்க எனக்குக் கூச்சம். நம்மில் எத்தனை பேர் இப்படி! கேட்டால் அவர் என்ன நினைப்பாரோ, சந்தேகப்படுகிறான் என்று கோபித்துக்கொள்வாரோ...

நம் வாய் கேட்கக் கூச்சப்படுவதை ஒரு காகிதம் கூச்சமே இல்லாமல் கேட்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு அக்ரிமென்ட் மேல் மரியாதை வந்தது.

சரி, ஃபுல் லோடு கொடுக்க வேண்டும். எதைக் கொண்டு கொடுப்பது? ஃபேக்டரி மெஷின்கள் வேறு என்ஜினில் பெல்ட் போட்டு ஓடுகிறவை. அவற்றுக்குக் கரண்டு வேண்டாம். லயத்திலோ இன்னும் கம்பியே இழுக்கவில்லை. என்ஜினியர் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு வழி சொன்னார். பெரிய மரத்தொட்டி ஒன்று வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர், தண்ணீரில் உப்பு. இரண்டு இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டுக் கரண்டைக் கொடுத்தால், உப்புத் தண்ணீர் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். உப்பு கூடக் கூட லோடு கூடும். நூறு பல்புக்குப் பதில் ஒரு தொட்டி!

"கடைக்கார்," என்று துரை என்னைப் பார்த்துத் திரும்பினார். "உப்பு குடு."

 உங்களுக்கே தெரியும், இப்போது உப்பு சும்மா பொருள் இல்லை. காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று அரிசியைப் போலவே உப்புக்கும் கட்டுப்பாடு. சனிக்கிழமைதோறும் கார்டைப் பார்த்து, வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிறேன். அதற்கு மேல் ஒரு கை எடுத்துக் கொடுத்தாலும் நான் ஜெயிலில் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"தொரை... வந்து... பெர்மிட்... போலீஸ்..." இவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டால் பதில் எப்போது வருமோ? என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரைத் திரும்ப அழைத்துப் போக ஐந்து மணிக்குப் போலீஸ் வண்டி வரும். அதை விட்டால் ஊரடங்கு. மறுநாள் அவருக்குப் பத்தாங் காலிப் பக்கம் வேலை. இனி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. துரையின் கை மறுபடியும் பேனாவைத் தடவியது.

"நில்லுங்க தொரை!" தாயம்மாதான். "பாய் கடை உப்பு வேணாம். நேத்துதான எல்லாரும் ரேசன் வாங்கினோம்? அது எங்க உப்பு. நாங்க கொழம்புல போட்டா என்ன, தொட்டியில போட்டா என்ன?"

எல்லார் கண்ணும் கேட்டில் காவல் இருக்கும் மலாய்க்கார சார்ஜன் மேல் விழுந்தது. மீசைக்காரர், எஸ்டேட்டிலேயே பழகித் தமிழ் பேசுகிறவர். அவர் வேலியைப் பார்த்தார். என்ஜின் வீட்டைப் பார்த்தார். யோசித்தார்.

"உப்பு வேலிக்கு வெளிய போகாதுலா?"

"போகாது சார்ஜன்!"

"தொட்டியும் உள்ளதான்?"

"உள்ளதான்!"

"அப்ப போலே, சரிதான். போடு. நான் தொட்டிகிட்ட நிக்கறேன்."

துப்பாக்கியோடு உப்புத் தொட்டிக்குக் காவல்! இந்த நாட்டில் வேறு எங்காவது நடந்திருக்குமா?

அப்புறம் பார்க்க வேண்டுமே வேகத்தை! ஆண்கள் தொட்டியை உருட்டி வந்தார்கள். பெண்கள் லயத்துக்கு ஓடினார்கள். வீட்டுக்கு ஒரு சிரட்டை உப்பு. தாயம்மா வாசலில் நின்று வாங்கி வாங்கித் தொட்டியில் கொட்டினாள். என்ஜினியர் கரண்டைக் கொடுத்தார். சுவரில் இருந்த மீட்டரின் முள் மெல்ல நகர்ந்தது. ஃபுல் லோடு எது என்று காட்ட அவர் கண்ணாடி மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். இன்னும் ஒரு சிரட்டை... இன்னும் ஒன்று... முள் கோட்டைத் தொட்டது!

"போதும், போதும்!" என்று அவர் கையை ஆட்டினார். பாதி வீட்டு உப்புக்கு மேல் தேவைப்படவில்லை. தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார். கயிற்றைத் தாண்டினால் கரண்டு அடித்துச் சாவு என்று கிராணி கத்திச் சொன்னார். மணி பத்து. ஆறு மணி நேரம் தொடங்கியது.

உப்புத் தண்ணீர் முதலில் வெதுவெதுத்தது. பிறகு ஆவி விட்டது. மதியத்துக்குள் கொதிக்கவே ஆரம்பித்துவிட்டது! வற்ற வற்றத் தண்ணீர் விட வேண்டுமே? மேலே மேடையில் ஒரு பீப்பாய் வைத்து, அதிலிருந்து ரப்பர் குழாய் போட்டார்கள். பீப்பாயை நிரப்புகிற வேலையைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி இறங்க, ஒருத்தி ஏற.

"அஞ்சு முட்டையக் கட்டித் தொங்க விட்டா வெந்துடும்டி!"

"முட்ட ஏது? ஒன் புருசன வேணா தொங்க விடு."

சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. டெஸ்ட் முடிந்த பிறகு இந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள் என்று அவருக்குக் கவலை. சாக்கடை வேலிக்கு வெளியே போகிறதே!

"ஏன் சார்ஜன், காட்டுல உள்ளவங்க வந்து சாக்கடைய நக்கவா போறாங்க?" என்றாள் தாயம்மா. அதற்குத்தான் அவரும் சிரித்தார். ஆனாலும் வேலிக்குள்ளேயே ஒரு குழி வெட்ட ஆள் போட்டார்!

என்ஜினோ ஓடியது, ஓடியது... ஓடிக்கொண்டே இருந்தது. மணி நாலை நெருங்கியது. யாரும் சோறு தின்னப் போகவில்லை. அத்தனை கண்ணும் அந்த முள்ளின் மேல். முள் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. துரை மணியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஆறு மணி நேரம்! ஒரே கூச்சல்.

"இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் லோடு பாக்கி இருக்கே?" என்று கிராணி மெதுவாகக் கேட்டார்.

என்ஜினியர் தலையை ஆட்டினார். அதற்கு நேரம் இல்லை, தொட்டியைப் பிரிக்க வேண்டும், வண்டி வந்துவிடும். ஆறு மணி நேரம் தாங்கியது போதாதா? துரையும், போனால் போகட்டும் என்பதுபோல் தோளைக் குலுக்கினார். என்ஜினியர் தகட்டைத் தூக்குவதற்கு, அது தொங்கிய கயிற்றில் கை வைத்தார்.

அப்போது முள் நகர்ந்தது.

சிவப்புக் கோட்டைத் தாண்டியது. இன்னும் தாண்டியது. என்ஜினின் குரல் மாறியது. கனமான மூட்டையைத் தூக்குகிறவன் முக்குவானே, அப்படி ஒரு முக்கல். புகைக்குழாயில் கறுப்புப் புகை. என்ஜினியர் முகம் வெளுத்துவிட்டது. எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்க்க, நான் தற்செயலாக மேலே பார்த்தேன்.

மேடையில், பீப்பாய்க்குப் பக்கத்தில் நம் மண்டோர் கருப்பண்ணன். கையில் கவிழ்த்த சட்டி. சட்டியின் அடியைத் தட்டித் தட்டி உதறிக்கொண்டிருந்தார்.

காலையில் பாதி வீட்டு உப்பே போதும் என்று நிறுத்திவிட்டார்கள் அல்லவா? தன் வீட்டு உப்பைக் கடைசியில் போடலாம் என்று வைத்திருந்தாள் தாயம்மா; அது உள்ளே போகவே இல்லை. அதற்குள் லயத்தில் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது — யார் வீட்டு உப்பு தொட்டியில் விழுந்ததோ அவர்கள் வீட்டுக்குத்தான் பல்பு என்று. யார் கிளப்பினார்களோ, தெரியாது. காலையிலிருந்து சிரிப்பை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்ற மனிதர், வீட்டுக்குப் போய் வாரத்து உப்பு மொத்தத்தையும் சட்டியோடு தூக்கி வந்து பீப்பாயில் கொட்டிவிட்டார். அது குழாய் வழியாகத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது.

"யோவ்! என்னாய்யா பண்ணினே?" என்று தாயம்மா அலறினாள்.

"நம்ம வூட்டு லோடு, புள்ள!" என்றார் மண்டோர்.

என்ஜினியர் தகட்டைத் தூக்கப் பாய்ந்தார். துரை அவர் தோளைப் பிடித்தார். மீட்டரைக் காட்டினார். முள் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய அந்தப் பத்தில் ஒரு பங்கு கூடுதலில்தான் நின்றது! தகட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தினார்கள். துரை சொன்ன ஆங்கிலத்தைக் கிராணி மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. "ஒன் அவர்" என்பது எங்களுக்கும் புரியும்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படி எழுதுவேன்? தரை அதிர்கிறது. புகை கறுப்பாகப் போகிறது. தாயம்மா வெந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, முள்ளையே பார்த்தபடி நிற்கிறாள்.   நான் உள்ளுக்குள் துஆ ஓதுகிறேன். பக்கத்தில் ஒருவர் முருகா, முருகா என்கிறார். மண்டோர் மேடையை விட்டு இறங்கப் பயந்துகொண்டு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு தரம் என்ஜின் திணறியது... வேலி விளக்குகள் மங்கின... தாயம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி பிடித்துக்கொண்டது. புகையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

கேட்டில் போலீஸ் வண்டி ஹோரன் அடித்தபோது துரை கையைத் தூக்கினார். தாங்கிவிட்டது!

நான் கூச்சக்காரன் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கூட்டத்தில் என்னைவிட அதிகமாகக் கத்தியவர் யாரும் இல்லை என்று பிறகு சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஆனால் மறுநாள் வரை தொண்டை கட்டிக்கொண்டிருந்தது.

துரை தாளில் கையெழுத்துப் போட்டார். என்ஜினியர் வண்டி ஏறும் முன் மேடையைப் பார்த்து மண்டோருக்கு ஒரு சலாம் வைத்தார். கேலியா, மரியாதையா, தெரியவில்லை. மண்டோர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். அந்த விறகு லோடும் வீண்போகவில்லை. லயத்து அடுப்புகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டார் துரை.

எல்லா லயத்துக்கும் கம்பி இழுக்க இன்னும் சில வாரம் ஆகும். என்ஜின் வீட்டுக்குப் பக்கத்து லயத்துக்கு மட்டும் புதன்கிழமையே இழுத்துவிட்டார்கள். அதில் முதல் வீடு மண்டோருடையது. விடியாத கருக்கலில் தாயம்மா பல்புக்குக் கீழே கஞ்சிப் பானையை இறக்கினாள். இறக்கிவிட்டு, சும்மா பார்ப்பதற்காக மறுபடியும் ஏற்றி இறக்கினாளாம்.

நேற்று அவள் கடைக்கு வந்தாள். ரேசன் நாள் வருவதற்கு முன்னால் உப்புக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து, உப்பு மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினேன். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அவள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்புக் கொடுக்க வந்தார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"ஏன்மா?" என்றேன்.

"சனிக்கெழம வரைக்கும் சப்புன்னுதான் தின்னட்டும் பாய். ஒவ்வொரு வாய்க்கும் அந்த மனுசன் மொகம் போற போக்கப் பாக்கணும்ல? பின்ன எதுக்கு லைட்டு!"

என்ஜின் பாஸாகிவிட்டது. மண்டோருக்குத்தான் டெஸ்ட் இன்னும் முடியவில்லை.